மூன்று தரம் இறங்கிய முள்

மத்தியானம் பன்னிரண்டரை. அடி அண்ணாமலை தாண்டி வயலுக்குள் திரும்பும் மண் ரோடு. ஈ காக்கை கிடையாது... என்ன பூஜா சிரிப்பு? பேய்க்கு நைட் டியூட்டி மட்டும்தான் என்று உனக்கு யார் சொன்னது? கரண்ட் வரும்வரை வாயை மூடிக்கொண்டு கேள். அந்த டார்ச்சையும் அணை.

என் சித்தப்பா மகன் மணிவேலுக்கு நடந்தது இது. மைக்ரோவேவ் டவர்களை டெஸ்ட் செய்கிற வேலை அவனுக்கு. அந்த ரோட்டின் கடைசியில் ஒரு டவர், வேங்கிக்காலில் இன்னொன்று. அங்கிருந்து வரும் சிக்னலை அங்கேயே ஒரு மெஷின் ஏறவிடாமல், இறங்கவிடாமல் ஒரே மட்டத்தில் பிடித்து வைத்திருக்கும். அதனால் இங்கே டவரடி ஷெட்டில் இருக்கும் மீட்டர் முள் அசையாது. அசைந்தால் யாரோ குறுக்கே வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இதை வைத்தே டவரில் ஏறுகிறவனும் கீழே மீட்டரைப் பார்ப்பவனும் பேசிக்கொள்வார்கள். ஏறுகிறவன் செல்போன் கொண்டுபோக மாட்டான்; அது தவறி விழுந்தால் கீழே இருப்பவன் மண்டை போய்விடும். டிஷ்ஷின் நடுவில் நீட்டிக்கொண்டிருப்பதை மூக்கு என்பார்கள். வேலை முடிந்ததும் உள்ளங்கையால் அந்த மூக்கை மூன்று தரம் மூடித் திறப்பான். கீழே முள் மூன்று தரம் இறங்கி ஏறும். நான் ஒதுங்கிவிட்டேன், இனி கீழிருந்து பவரை ஏற்றலாம் என்று அர்த்தம்.

போன மாதம் மேலே காசி அண்ணன், கீழே சகாதேவன்; இருவரும் மணிவேலின் கூட்டாளிகள். பவர் ஏறியபோது அண்ணன் இன்னும் டிஷ்ஷுக்கு நேராகத்தான் நின்றிருந்தார். முகத்தில் சூடு அடித்து, திடுக்கிட்டு, பிடி நழுவி... போய்ச் சேர்ந்தார்.

"மூணு வந்துச்சு, அப்புறம்தான் ஏத்துனேன்" என்று சகாதேவன் தலையில் அடித்துக்கொண்டான். ஒருத்தரும் நம்பவில்லை. காசியின் மனைவி தனம் மண்ணை வாரித் தூற்றினாள். ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடும் மணிவேலே என்னிடம், "அவசரப்பட்டு ஏத்திட்டு கதை வுடுறான்கா" என்றான்.

அந்தச் சந்தேகத்தோடுதான் அன்றைக்கு மத்தியானம் சகாதேவனிடம் சொல்லியிருக்கிறான்: "இன்னிக்கு நீ ஏறு. நான் கீழ உக்காந்துக்கிறேன்."

சகாதேவன் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு ஏறினான். ஷெட்டுக்குள் கருகிய வயர் வாடை. பவர் ஏற்றும் மெஷினின் ஃபேன் கொர்ர்ர் என்று ஓடியது. மணிவேல் வாசல் வழியாக அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். சகாதேவன் பாதி தூரம்தான் ஏறியிருந்தான். இரண்டு கையும் ஏணிக் கம்பியில்.

ஃபேன் நின்றது.

முள் இறங்கியது. ஒன்று... இரண்டு... மூன்று.

ஐயோ, மணிவேல் பட்ட பாடு! பவர் வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "இறங்குடா!" என்று கத்தினான். இறங்கி வந்த சகாதேவன் இவன் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டான்.

"வந்துச்சா?"

"வந்துச்சுடா."

"ஒரு மாசமா இதத்தானடா சொல்றேன்..." அவன் மண்ணில் உட்கார்ந்து ஓவென்று அழுதான். மணிவேலும் அவனைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறான். நண்பனை நம்பாமல் போனோமே என்று அவனுக்கு அவ்வளவு வெட்கம்.

காசி அண்ணன் ஆவிதானே என்கிறாய்? அவர் உயிரோடு இருந்தபோதே அந்த மூன்று வந்ததே, பூஜா. அது யார் கை?

அன்று சாயங்காலம் செங்கம் ரோட்டு டீக்கடையில் இருவரும் முடிவு செய்தார்கள். இனிமேல் மூன்று கிடையாது, ஐந்து. காதோடு காதாகப் பேசிக்கொண்டதுதான். வேறு யாருக்கும் தெரியாது.

மறுநாள் அதே நேரம். டவரில் ஆள் இல்லை. சகாதேவன் ஷெட் வாசலில் பெல்ட் கட்டிக்கொண்டிருந்தான். மணிவேல் மீட்டரைப் போட்டான்.

ஒன்று... இரண்டு... மூன்று. முள் நின்றுவிட்டது.

"மூணுதான்டா! அதுக்கு புதுசு தெரியல" என்றான் சகாதேவன். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தானாம்.

அப்போது ஃபேன் நின்றது.

நான்கு...

ஐந்து.