துரையின் கடைவாய்ப்பல்

நாய்க்குப் பல் தேய்த்துவிடுவது ஒன்றும் கஷ்டமில்லை. உதட்டை மெல்லத் தூக்கிப் பிடித்து, ஈறோரமாகச் சின்னச் சின்ன வட்டம் போட வேண்டும். நம் பற்பசை ஆகாது. எங்கள் துரைக்குக் குட்டியிலிருந்து நான்தான் தேய்த்துவிட்டேன். வேறு யார் வாயைத் தொட்டாலும் உறுமுவான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை, ஒளிப்பானேன்.

அண்ணனுக்குக் கல்யாணமாகி அண்ணி வந்தாள். நல்லவள். ஒருநாள் காலையில் பார்த்தால் துரை அவளிடம் மல்லாந்து படுத்து, வாயை ஆவென்று திறந்துகொண்டு கிடக்கிறான்.

"பாவம், நீயே எத்தனை நாள்தான் செய்வே? இனிமே நான் பாத்துக்கறேன்" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். எனக்கு வயிறு எரிந்தது.

அவனுக்குக் கடைவாய்ப்பல் ஒன்று விண்டு, ஈறு வீங்கியிருந்ததை முதலில் கவனித்தது நான். அண்ணி முன்பற்களோடு நிறுத்திக்கொள்வாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் ஆளில்லாத மத்தியானங்களில், அவள் கைக்குப் பூசும் வாசனை கிரீமை என் விரல்களில் தடவிக்கொண்டு அந்த ஈறை அழுத்துவேன். கத்தியதும் விட்டுவிடுவேன். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்து அவனைக் கட்டிக்கொள்வேன். நடுங்கிக்கொண்டே என் கழுத்தில் முகத்தைப் புதைப்பான்.

சீக்கிரமே அண்ணியின் கையைக் கடித்துவிட்டான். கட்டைவிரல் இனி மடங்காதாம்.

"ஊசி போட்டு முடிச்சுடச் சொல்லு. என்னால பாக்க முடியாது" என்று அண்ணன் என்னை அனுப்பினான்.

கால்நடை மருத்துவர் துரையின் வாயைத் திறந்து பார்த்தார். "பல்வலிம்மா இவனுக்கு. பிடுங்கிட்டா பழையபடி ஆயிடுவான். இதுக்குப் போயா?"

வெளியே வந்து வீட்டுக்குப் போன் செய்தேன். அண்ணிதான் எடுத்தாள்.

"ஏதாவது வழி இருக்கான்னு கேளும்மா. கடிச்சா கடிச்சுட்டுப் போகட்டும். எனக்கு அவன் வேணும்."

எனக்கு வேணும் என்கிறாள்.

"வழியே இல்லையாம் அண்ணி" என்றேன்.

உள்ளே போய், வீட்டில் கைக்குழந்தை இருப்பதாகவும் அவனை வைத்துக்கொள்ள யாரும் சம்மதிக்கவில்லை என்றும் மருத்துவரிடம் சொன்னேன். எங்கள் வீட்டில் குழந்தையே கிடையாது. அவர் பெருமூச்சு விட்டபடி ஊசியை எடுத்தார். துரை கண் செருகும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அண்ணி இன்னும் அழுகிறாள். எதற்கு என்றுதான் புரியவில்லை. அவன் வாயில் வலி இருந்ததுகூட அவளுக்குத் தெரியாது. இந்த வீட்டில் துரையை உண்மையாகக் கவனித்துக்கொண்டது நான் ஒருத்திதான்.