ஓ எழுத்துக்குள் ஒரு கோடு

ஊரில் யுத்தம் முடிந்துவிட்டதென்று அறிவித்து இரண்டு கிழமை இருக்கும். லோரன்ஸ் கிழக்கு பஸ்ஸில், எனக்கு முன் சீற்றில் இரண்டு பேர் வேலை முடிந்து வந்துகொண்டிருந்தார்கள். வெக்ஸ்போர்ட் பகுதியைத் தாண்டும்போது, ஜன்னலோரம் இருந்த மூத்தவர் சொன்னது காதில் விழுந்தது.

"ஓ எழுத்துக்குள்ள கோடு இருக்கோ எண்டு பார்க்கச் சொன்னனான்."

"எதிலை அண்ணை?"

"அமெரிக்க வெள்ளி டொலரில. நான் சேர்க்கிறது தெரியும்தானே. சிலதில, காசடிச்ச இடத்தைக் காட்டுற எஸ் எழுத்துக்கு மேல ஓ அடிச்சிருப்பாங்கள். பழைய எழுத்து உள்ளுக்க கோடாத் தெரியும். சமாதான நேரம் ஊருக்குப் போகேக்க தம்பிக்கு அப்பிடி ஒண்டு குடுத்தனான்."

"இப்ப ஆரைப் பார்க்கச் சொன்னனீங்கள்?"

"தம்பியின்ர பக்கத்து வீட்டு மனிசியை. முகாமில இருந்து போன் எடுத்தவ. ஷெல் விழுந்த இடத்தில, முகம் சிதைஞ்ச ஒராளைக் குழி வெட்டித் தாட்டவையாம். பொக்கெற்றில வெள்ளிக் காசு ஒண்டு இருந்ததாம், அதை எடுத்து வைச்சிருக்கிறா."

"வெள்ளிக் காசு வேற ஆக்களிட்டையும் இருக்கும்தானே, அண்ணை."

"அதுக்குத்தான் பார்க்கச் சொன்னனான். அவ மகளிட்டைக் காட்டினவ. கோடு இருக்கெண்டு பிள்ளை சொன்னது போனில எனக்குக் கேட்டது."

இளையவர் அவர் பக்கம் திரும்பினார்.

"அம்மாக்குச் சொல்லிட்டீங்களே?"

"சொன்னனான். காசெல்லாம் ஒரே மாதிரித்தானே இருக்கும், அது வேற ஆரின்ரையோ காசு எண்டு சொன்னவ."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஓம் அம்மா, எல்லாம் ஒரே மாதிரித்தான் எண்டன்."