கணுக்கால் கட்டு

டீ டம்ளர் உங்களுக்கு இடப்பக்கம் இருந்தது, சார். போன் பேசிவிட்டு வந்து வலப்பக்கம் வைத்துவிட்டீர்கள். தப்பாக நினைக்காதீர்கள், என் பிழைப்பே அதுதான். சினிமாவில் ஒரு காட்சியை இன்றைக்குப் பாதியும் அடுத்த வாரம் மீதியும் எடுப்பார்கள். இடையில் ஒரு முடி இடம் மாறக் கூடாது, ஒரு காயம் ஆறக் கூடாது. அதைக் கவனிக்க ஒருத்தி வேண்டும். கன்டினியூட்டி என்பார்கள்.

மேடம் பின்வரிசையில் ஆடிக்கொண்டிருந்த காலத்திலிருந்து நான் அவரோடு இருக்கிறேன். கதாநாயகி ஆனார், விருதெல்லாம் வாங்கினார். முகத்தில் வயது தெரிய ஆரம்பித்ததும் அக்கா வேடத்துக்குக் கூப்பிட்டார்கள். மற்றவர்கள் என்றால் இடிந்துபோவார்கள். மேடம் சிரித்துவிட்டு, இருந்த பெரிய வீட்டை விற்று ஏழைக் குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரி கட்டினார். ஊர் மெச்சுவதற்காக இல்லை. காமிரா இல்லாத நேரத்திலும் தன் கையால் சீழ் துடைத்ததை நான் பார்த்திருக்கிறேன். அவரைப் பற்றி யாராவது ஒரு சொல் சொன்னால் எனக்குப் பொறுக்காது.

ஆஸ்பத்திரியில் இடம் போதவில்லை. நன்கொடை கேட்டு ஒரு சின்னப் படம் எடுத்தோம். கணுக்காலில் கட்டுப் போட்ட ஒரு சிறுமியை மேடம் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் நுழைகிறார். பிறகு மடியில் வைத்துக் கதை சொல்கிறார். அவ்வளவுதான். நிஜமாகவே காலில் புண் இருந்த பெண்ணைத்தான் தேர்ந்தெடுத்தேன். வலியைச் சொல்லிக் கொடுக்க வேண்டாம் பாருங்கள். முதல் பாதி அருமையாக வந்தது. மறுநாள் மேடம் வெளியூர்ப் படப்பிடிப்புக்குப் போனவர் மழையில் அங்கேயே மாட்டிக்கொண்டார்.

அன்றைக்கு டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "எலும்பு வரைக்கும் சீழ் இறங்கிடுச்சும்மா. உடனே திறந்து சுத்தம் பண்ணணும். முழங்கால் வரைக்கும் கட்டு வரும்" என்றார். முதல் பாதியில் கட்டு கணுக்காலோடு நிற்கிறது, சார்.

தாய் சம்மதிக்காமல் பிள்ளையைக் கூட்டிப் போய்விட்டாள் என்று டாக்டரிடம் சொன்னேன். மேடம் வந்த பிறகு செய்தால் போதும் என்று டாக்டர் சொன்னதாகத் தாயிடம் சொன்னேன். தாயையும் பிள்ளையையும் எங்கள் அலுவலக மாடியறையில் வைத்துக்கொண்டேன். ஒரு குறையும் வைக்கவில்லை. பால், பழம், காய்ச்சல் மாத்திரை எல்லாம் நானே கொண்டுபோனேன். கட்டையும் நானே அதே அளவில் மாற்றிக் கட்டினேன்.

"அக்கா, உடம்பு அனலாக் கொதிக்குது. என்னையே யாருன்னு தெரியல அவளுக்கு. நாமளே தூக்கிட்டுப் போயிடலாமா?" என்று தாய் கேட்டாள்.

"பொறுத்தார் பூமி ஆள்வார்மா. மேடம் வரட்டும், எல்லாம் நல்லபடியா முடியும்" என்றேன்.

மேடத்துக்கு ஒரு போன் செய்திருக்கலாமே என்கிறீர்கள். செய்திருந்தால், படம் கிடக்கட்டும், பிள்ளையைப் பார் என்றிருப்பார். அதனால்தான் செய்யவில்லை.

சிறுமியின் உயிர் போனதும் நானும் அழுதேன். நானும் மனுஷிதான். வண்டி பிடித்து, தாயையும் உடலையும் கூடவே நின்று ஏற்றி அனுப்பினேன். படத்துக்காகப் போட்டிருந்த நீலக் கவுனை மட்டும் கழற்றித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன். அது கம்பெனி உடை.

துவைத்துத் தேய்த்து, அதே உயரத்தில் வேறொரு பெண்ணுக்கு மாட்டினேன். முதல் பாதியில் முகம் மேடத்தின் தோளில் புதைந்திருந்தது நல்லதாகப் போயிற்று, மேடமே அதைச் சரியாகப் பார்த்திருக்கவில்லை. "கொஞ்சம் சதை போட்டிருக்காளே" என்றார் மேடம். "நல்லாக் கவனிச்சுக்கறோம்ல மேடம்" என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரே டேக். நன்கொடை வந்து கொட்டியது. புதுக் கட்டடத்தில் இன்றைக்கு எத்தனை பிள்ளைகள் பிழைக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள்.

ஆம், செய்தது நான்தான். மேடத்துக்கு எதுவும் தெரியாது, அதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்றுதான் உறுத்துகிறது. அந்தத் தாய் ஏதோ கடை டிவியில் படத்தைப் பார்த்துவிட்டு, பின்பாதியில் இருப்பது தன் பெண் இல்லை என்று உங்களிடம் வந்து நின்றாளாமே. நேற்று நீங்கள் போட்டுக் காட்டியபோது நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கவுன் சரி. ரிப்பன் சரி. கட்டு கணுக்காலோடு நிற்கிறது. எங்கே இடிக்கிறது என்றுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை, சார்.