பதினொன்று பத்தைக் காட்டிய கடிகாரம்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் சகாதேவன் அவர்களே, மறதி நோயை ஆராய வந்திருக்கும் மருத்துவக் குழுவினரே, எங்கள் வீட்டுப் படியேறியே செருப்புத் தேய்ந்த ஆய்வாளர் தங்கை ஆர்த்தி அவர்களே, வேங்கிக்காலிலிருந்தும் அடி அண்ணாமலையிலிருந்தும் நோயுற்ற சொந்தங்களைக் கைப்பிடித்து அழைத்து வந்திருக்கும் தாய்மார்களே, முன்வரிசையில் மூன்றாவது நாற்காலியில் அமர்ந்திருக்கும் என் மனைவி தனம் அவர்களே! உங்கள் அனைவரையும் வணங்குகிறேன். இந்தத் தலை மரியாதைக்காக மட்டும் குனியவில்லை, வெட்கத்தாலும் குனிந்திருக்கிறது.

முப்பத்து நான்கு ஆண்டுகள் கணக்கு வாத்தியாராக இருந்தேன். எத்தனை துண்டுச்சீட்டுகளைப் பிடித்திருப்பேன்! அதோ சிரிக்கிறாரே என் பழைய மாணவர் வல்லரசு, அவர் சட்டைக் கையில் மட்டும் மூன்று. என்னப்பா சொல்கிறாய்? "வாத்தியாரே, நீங்களும் பிட் அடிச்சீங்களா?" என்கிறார். இல்லை வல்லரசு. அதைவிட மோசம். நான் வினாத்தாளையே முன்கூட்டிக் கொடுத்தேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, எதிரில் இருக்கும் டம்ளரைத் தனம் தடவித் தேடத் தொடங்கினாள். "கண்ணு எதிர்லயே இருக்குதே, தெரியலயா?" என்று அதட்டினேன். கண் மருத்துவர், கண்ணில் குறை இல்லை என்றார். ஊரார் கேட்டபோது கண்ணாடி மாற்ற வேண்டும் என்று பொய் சொன்னேன். அதன் பிறகுதான் இந்தக் குழுவிடம் வந்தோம்.

சோதனை முடிவுகளையெல்லாம் ஒரு கணினியில் ஏற்றுவோம் என்றார்கள். அதை வைத்து என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ஆர்த்தி என்னையே திருப்பிக் கேட்டார்: "சார், நாப்பது மார்க் வாங்குன ரெண்டு பசங்களும் ஒரே மாதிரியா?" எப்படி ஒன்றாகும்? ஒருவன் அல்ஜீப்ராவில் விட்டிருப்பான், ஒருவன் ஜியோமெட்ரியில் விட்டிருப்பான். "அதேதான் சார். யார் எங்க விடுறாங்க, எப்படி விட்டுட்டே போறாங்கனு நானூறு பேரோட பதிவைப் பார்த்து, ஒத்துப்போறவங்களை கம்ப்யூட்டர் சேர்த்து வைக்கும். புதுசா வர்றவங்களுக்கு அடுத்து என்ன ஆகும்னு அதை வெச்சுத்தான் சொல்லும்."

மறதி என்று ஒரே பெயர் சூட்டிவிட்டோமே, அது ஒரே நோயா? ஒருவருக்குப் பெயர் போகிறது. ஒருவருக்குப் பேச்சு போகிறது. ஒருவருக்குப் பொறுமை போகிறது. என் தனத்துக்கோ பேரன் பேத்தி பிறந்த நட்சத்திரம் வரை நினைவிருக்கிறது. எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்பதுதான் புரிவதில்லை.

முதல் சோதனையில், பதினொன்று பத்தைக் காட்டும் கடிகாரம் வரையச் சொன்னார்கள். எண்கள் எல்லாம் ஒரு மூலையில் குவிந்தன. "வாத்தியார் வீட்டம்மா ஃபெயிலா?" யாரும் கேட்கவில்லை ஐயா, யாருமே கேட்கவில்லை. என் காதில் மட்டும் கேட்டது.

மறுநாளே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். தினமும் காலைப் பலகாரம் முடிந்ததும் அவள் கையைப் பிடித்து வரைய வைத்தேன். தப்பிய இடத்திலெல்லாம் சிவப்பு மையால் திட்டி எழுதினேன்.

"எதுக்குங்க இது? நான் என்ன பத்தாவது பரீட்சையா எழுதப் போறேன்?"

"பேசாம போடு. பன்னண்டை மேல வை."

ஆறு மாதம்! அவள் கைக்கு அந்த ஒரு படம் பழகிவிட்டது. அடுத்த சோதனையில் முழுக் கடிகாரம், முழு மதிப்பெண். 'வீட்டில் பயிற்சி அளித்தீர்களா?' என்று படிவம் கேட்டது. 'இல்லை' என்று எழுதினேன். என்னுடைய அழகான கையெழுத்தில் எழுதினேன்.

நோய் நிதானமாகத்தான் இருக்கிறது என்று மருத்துவர்கள் நம்பினார்கள். படிகளின் விளிம்பில் மஞ்சள் பட்டை ஒட்டுவது போன்ற வீட்டு ஏற்பாடுகளைத் தள்ளி வைத்தார்கள். ஐந்தாவது வாரம், எங்கள் தோட்டத்துப் படியின் விளிம்பு தெரியாமல் தனம் விழுந்தாள். இடக்கை மணிக்கட்டு முறிந்தது.

அப்போதும் நான் வாய் திறந்தேனா? திறக்கவில்லையே!

ஆர்த்திதான் வந்தார். "சார், அம்மாவோட பதிவு மட்டும் இடிக்குது. நடை, பொருளை எடுக்கிறது எல்லாம் கம்மியாகுது, கடிகாரம் மட்டும் ஜாஸ்தியாகுது. அவங்க மாதிரி இருக்கிற ஒருத்தருக்கும் இப்படி ஆகல." பிறகு தனத்திடம், "மூணே கால் போடுங்கம்மா" என்றார்.

கட்டுப்போட்ட கையால் தாளை அழுத்திக்கொண்டு தனம் வரைந்தாள். பதினொன்று பத்து. வரைந்துவிட்டு என்னைப் பார்த்தாள். "சரியாங்க?"

அந்த நாற்பது பக்க நோட்டை எடுத்து வந்து ஆர்த்தியின் முன் வைத்தேன்.

அந்தக் கணினி பொய் சொல்லவில்லை. அது எடுத்துக்காட்டுகளைப் பார்த்துக் கற்கும் மாணவன். அதற்குத் தப்பான எடுத்துக்காட்டைக் கொடுத்தவன் நான். செங்கம் பக்கம் ஏதோ ஒரு வீட்டில் இன்று ஒரு தாய் டம்ளரைத் தடவித் தேடிக்கொண்டிருப்பாள். அவளைப் பார்த்து, 'இவளுக்கு அவசரமில்லை' என்று சொல்ல என் பொய்க் கடிகாரம் காரணமாகியிருந்தால்? அவள் எந்தப் படியில் விழுவாள்? எந்தக் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு கிடப்பாள்?

அன்பானவர்களே! உங்கள் சொந்தங்கள் சோதனைக்கு உட்காரும்போது வாயசைக்காதீர்கள், கண் காட்டாதீர்கள், கைப்பிடிக்காதீர்கள். அவர்கள் தவறவிடுவதுதான் அங்கே விடை. அந்த விடைதான் அவர்களுக்குக் காவல், அவர்களைப் போன்ற இன்னொருவருக்கும் காவல்.

இன்று காலை, 'இல்லை' என்று எழுதிய இடத்தில் 'ஆம்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். தனத்தை மறுபடியும் மூன்றே கால் வரையச் சொன்னார் ஆர்த்தி. இந்த முறை அவளாகவே வரைந்தாள். மேடையில் காட்டட்டுமா என்று கேட்டேன். "காட்டுங்க, படம் என்னுதுதானே? உங்க நோட்டை மட்டும் காட்டாதீங்க, ஒரே திட்டா எழுதி வெச்சிருக்கீங்க" என்றாள்.

இதோ அந்தத் தாள். ஒன்பது எண்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றன. முள் வட்டத்துக்கு வெளியே போய்விட்டது. தனம், இதைப் பார். எங்கேயும் நான் சிவப்பு மை வைக்கவில்லை.

தப்பு செய்தவனுக்கும் ஒலிவாங்கி கொடுத்த அவைக்கு நன்றி. எழுந்து போகாமல் கேட்ட உங்களுக்கு நன்றி. மூன்றாவது நாற்காலிக்கு என் மன்னிப்பும், எல்லோருக்கும் என் வணக்கமும்.