சாமி மேடையில் இருக்கும் கிராண்ட்

மெர்லிமாவிலிருந்து மலாக்கா போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். கணவர் கையில் ஒரு வீட்டு விளம்பரத் தாள்.

“வீட்டு கிராண்ட்ட சாமி மேடைல வச்சு நாலு மாசந்தான் ஆவுது. அதுக்குள்ள எடுத்தா சாமி என்னா நினைக்கும்?” என்றார் அந்தம்மா.

லோன் கட்டி முடித்துக் கைக்கு வந்த பத்திரம் போலிருக்கிறது.

“திரும்பவும் பேங்க்ல வைக்கத்தானே கேக்குறேன். அந்தக் காசுல தங்கா பத்து ஊர்ல இன்னொரு வீடு வாங்கிரலாம். வர்ற வாடகையே லோன கட்டிரும் லா.”

“குடியிருக்கிறவங்க வாடக குடுக்கலன்னா?”

“ரெண்டு மாசம் பொறுப்பேன்.”

“அப்புறம்?”

“வெளிய போகச் சொல்ல வேண்டியதுதான்.”

“எஸ்டேட்ல வேல நின்னதும் உங்கப்பாவ வீட்ட காலி பண்ணச் சொன்னாரே ஆபீஸ்ல கணக்கெழுதுன கிராணி, அவரு மாதிரியா?”

அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“சரி, இன்னும் ரெண்டு மாசம் பொறுப்பேன்.”

“நீங்க பொறுப்பீங்க, சாமியும் பொறுக்கும். பேங்க் பொறுக்குமா?”