ஆர்வில் விற்காத அச்சு

டயர் கடையில் வேலை பார்ப்பவனுக்கு எங்கள் ஊரில் நண்பர்கள் குறைவில்லை. சக்கரம் ஆடாமல் ஓடுவதற்காக அதன் விளிம்பில் சின்னச் சின்ன ஈயக்கட்டிகளை மாட்டுவோம். டயர் மாற்றும்போது பழைய கட்டிகளைக் கழற்றி வாளியில் எறிவோம். மற்ற ஊர்களில் அது குப்பை. மொன்டானாவில், அதுவும் எங்கள் பள்ளத்தாக்கில், அந்த வாளிக்காக ஓய்வுபெற்ற கிழவர்கள் டோனட் பொட்டலத்தோடு கடை வாசலில் வந்து நிற்பார்கள். வீட்டுக் கொட்டகையில் ஈயத்தை உருக்கித் துப்பாக்கிக் குண்டு வார்ப்பவர்கள் இவர்கள். கடையில்தான் குண்டு கிடைக்கிறதே என்று அவர்களிடம் கேட்டுவிடாதீர்கள். பொழுது சாயும்வரை பதில் சொல்வார்கள்.

உங்கள் கேள்விக்குத்தான் வருகிறேன், டிடெக்டிவ் மேடம். வெடித்த சத்தம் கேட்டதாகப் பக்கத்துப் பண்ணைக்காரர் சொல்லும் நேரத்துக்கும், ஆர்வில் ஸ்டென்ரூடை நான் ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்த்த நேரத்துக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது, அது ஏன் என்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் குண்டு வார்க்கும் அந்த அச்சைப் பற்றிச் சொல்லாமல் அதற்கு மட்டும் பதில் சொன்னால் நான் கெட்டவனாகத் தெரிவேன்.

எங்கள் துப்பாக்கிச் சங்கம் மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் பான்கேக் சாப்பிடக் கூடும். பேச்சு வானிலையில் தொடங்கும், யாராவது ஒருவருடைய முழங்காலுக்குப் போகும், கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கும்: உயிரே போனாலும் விற்கமாட்டேன் என்று யார் எந்த அச்சை வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒன்று இருக்கும். கையடக்கமான இரண்டு இரும்புத் துண்டுகள், சேர்த்து மூடினால் உள்ளே குண்டின் வடிவில் ஒரு குழி, பிடித்துக்கொள்ள மரக் கைப்பிடி. பார்க்கக் கொட்டை உடைக்கும் இடுக்கி மாதிரி இருக்கும். அதைப் பற்றி அவர்கள் பேசும்போது குரல் தாழ்ந்துவிடும்.

"எம் பொண்டாட்டிய வேணா கேளு, யோசிச்சுச் சொல்றேன்," என்பார் கிளேட்டன் ப்ரூன். "அச்ச மட்டும் கேக்காத."

"உம் பொண்டாட்டிய எவன்யா கேட்டான்?" என்பார் ஆர்வில். "அவளே போன வருஷம் வந்து உன்ன எடுத்துக்கிறீங்களான்னு எங்கிட்ட கேட்டா. கொட்டகையில எடமில்லேன்னு சொல்லிட்டேன்."

ஆர்வில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். நானும் அந்தப் பேருந்தில் போனவன்தான். நான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவது கண்ணாடியில் தெரிந்தால் நிறுத்திவைப்பார். நல்ல மனிதர். இதை நான் எங்கும் மறுக்கவில்லை.

அவரிடம் இருந்தது இங்வால்ட் வெட்டிய அச்சு. இங்வால்ட் பியூட் நகரத்துச் சுரங்கப் பட்டறையில் கடைசல் வேலை பார்த்தவர். சாப்பாட்டு இடைவேளையில் தனக்குப் பிடித்தவர்களுக்கு மட்டும் அச்சு வெட்டிக் கொடுத்துவிட்டு, அளவுகளை யாருக்கும் சொல்லாமல் செத்துப்போனார். அந்த அச்சில் விழும் குண்டு மற்ற குண்டுகளைவிட மயிரிழை தடிமன். அந்த மயிரிழைதான் விஷயம். என் பழைய துப்பாக்கியின் குழல் மயிரிழை அகலம். கடையில் வாங்கிய அச்சு எதில் வார்த்தாலும் என் குண்டு குழலுக்குள் தளர்ந்து உருண்டு, தனக்கு இஷ்டமான திசையில் போகும். எங்கள் போட்டியில் தூரத்தில் இரும்பு ஆடுகள் நிற்கும், சுட்டு வீழ்த்த வேண்டும். என் முறை வரும்போது கிளேட்டன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்வார்.

"டாரின் ஆடு சுட வரல," என்பார். "மேய்க்க வர்றான்."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வருடக்கணக்காகச் சிரித்தேன்.

ஒரு கோடையில் ஆர்வில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இங்வால்ட் அச்சில் வார்த்த குண்டுகள் ஒரு பெட்டி கொடுத்தார். அன்று வரிசையில் நின்ற ஆடுகள் அத்தனையும் விழுந்தன. குண்டு பட்டு, ஆடு சாய்ந்து, அதற்குப் பிறகு அந்த மணிச்சத்தம் மெதுவாக நம்மிடம் வந்து சேரும். அதை ஒரு முறை கேட்டவனுக்கு வேறு சத்தம் எதுவும் காதில் ஏறாது. அந்தப் பெட்டியை அவர் கொடுத்திருக்கக் கூடாது. தவறு எங்கே தொடங்கியது என்று எழுத உங்களுக்கு ஓர் இடம் தேவைப்பட்டால் அங்கே எழுதிக்கொள்ளலாம்.

அச்சைக் கேட்டேன். சிரித்தார். என் பனி தள்ளும் இயந்திரத்தைத் தருகிறேன் என்றேன். ஆயுளுக்கும் டயர் இலவசம் என்றேன், அது என் கடைகூட இல்லை. என் நாயைத் தருகிறேன் என்றேன். அது ஏற்கனவே அவர் சொல்வதைத்தான் கேட்கும், அதனால் அவருக்கு அது புதிதாகத் தோன்றவில்லை.

"குண்டுதானேடா ஒனக்கு வேணும்? எத்தன வேணும்னாலும் வாத்துத் தர்றேன். நீ ஈயம் கொண்டா, நான் குண்டு தர்றேன். அச்சு எதுக்கு?"

கேட்பதற்குத் தாராளமாகத்தான் இருக்கிறது. ஆர்லிஸ், அவருடைய மனைவி, அப்போது பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர்கூட, "இதவிட வேறென்ன வேணும் கண்ணா?" என்றார். ஆனால் நீங்கள் யோசித்துப் பாருங்கள், மேடம். ஒவ்வொரு முறையும் நான் போய் நிற்க வேண்டும். அவர் ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சியோடு தருவார். ஒரு மனிதன் எத்தனை காலம் இன்னொருவருடைய மகிழ்ச்சியைப் பொறுத்துக்கொள்ள முடியும்.

விடாமல் கேட்டேன். கடைசியில் ஒரு நாள் தோளில் கைவைத்துச் சொன்னார்: "நான் இருக்கற வரைக்கும் இது இந்தக் கொட்டகைய விட்டு வெளிய போகாது. நான் போனப்புறம் ஆர்லிஸ்கிட்ட கேட்டுக்கோ."

மறுப்பு என்று நீங்கள் நினைக்கலாம். நான் அதை நிபந்தனை என்று எடுத்துக்கொண்டேன். நிபந்தனை தெளிவாக இருந்தது, தேதிதான் இல்லை. அதற்குப் பிறகு அவருடைய உடம்பை நான் கவனிக்கத் தொடங்கினேன். காலையில் ஓட்ஸ் கஞ்சி. இடுப்பில் புது மூட்டு. குளிர் எலும்பைக் குத்தும் நாளிலும் சாலையோரத் தபால் பெட்டிவரை நடந்து போய் வருவார். இதயம் வாலிபனுடையது மாதிரி அடிக்கிறது என்று டாக்டர் சொன்னதைப் பான்கேக் மேசையில் பெருமையாகச் சொன்னார். ஒவ்வொரு வசந்தத்திலும் போன வருடத்தைவிடத் தெம்பாக வந்து நின்றார். எனக்கு எரிச்சலாக இருந்தது. அதை மறைப்பதில் பொருளில்லை.

இப்போது வாளிக்கு வருகிறேன். ஈயம் வார்ப்பவர்கள் இன்னொருவன் கொண்டுவரும் ஈயத்தை நம்பமாட்டார்கள். பாதிரியாரே கொடுத்தாலும் தரையில் கொட்டி, ஒவ்வொன்றாகப் பொறுக்கி, துத்தநாகம் கலந்திருக்கிறதா என்று பார்த்து, அடுப்பருகே பரப்பிக் காயவைத்த பிறகுதான் சட்டிக்குள் போடுவார்கள். உருகிய ஈயத்துக்கு அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் போனால் போதும், அது நொடியில் ஆவியாகி, சட்டியில் இருப்பதையெல்லாம் வெளியே வீசிவிடும். அப்படிப்பட்டவர்கள் நடுவில், என் வாளியைச் சோதிப்பதை ஆர்வில் நிறுத்தியிருந்தார். எல்லோர் முன்பும் சொன்னார்: "டாரின் வாளிய நான் கிண்டிக்கூடப் பாக்கறதில்ல. நேரா சட்டிதான்." எங்களுக்குள் இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பெருமையில் குண்டு வார்க்க முடியாது.

நவம்பரில் அந்த நாள், ஆர்லிஸ் தேவாலயத்தில் விருந்துக்கு உருளைக்கிழங்கு ரொட்டி தேய்க்கப் போயிருந்தார். நான் வாளியோடு போனேன். கடைக்குப் பின்னால் கூரை ஒழுகும் இடத்தில் இருந்த வாளி. மேலே இருந்த கட்டிகள் காய்ந்திருந்தன. அடியில் உருகிய பனி மறுபடி உறைந்திருந்தது. தூக்கும்போதே எனக்குத் தெரியும்.

ஆர்வில் இங்வால்ட் அச்சில் வார்த்துக்கொண்டிருந்தார். அச்சுக்குச் சரியான சூடு வந்துவிட்டால் திறக்கும்போதெல்லாம் கண்ணாடி மாதிரி ஒரு குண்டு விழும். அந்த நிலை வந்துவிட்டால் இவர்கள் நிறுத்தமாட்டார்கள். போன் அடித்தால் எடுக்கமாட்டார்கள், ஒன்றுக்கு வந்தாலும் போகமாட்டார்கள். ஆறிய சட்டியில்தான் புது ஈயம் போடவேண்டும் என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுப்பவரும் அப்போது மறந்துவிடுவார்.

"டாரின், சட்டி கொறையுது. ரெண்டு கரண்டி அள்ளிப் போடு."

"சூட்டோடயா?"

"நிறுத்துனா அச்சு ஆறிரும்டா. ஒன் வாளிதானே, போடு."

நான் கேட்டேன் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

மேலிருந்து அள்ளியிருக்கலாம். அடியிலிருந்து அள்ளினேன். கரண்டிக்கு நீளமான காம்பு இருந்ததால் தள்ளி நிற்க முடிந்தது. அவர் காப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அப்போது விழுந்த குண்டின் அடிப்பாகத்தை விளக்கொளியில் பார்த்துக்கொண்டிருந்தார். அதையும் நான் கவனித்தேன்.

சத்தம் பண்ணைவரை கேட்டிருக்கும், உண்மைதான். கூரையிலிருந்து ஈயம் வெள்ளி நூல் மாதிரித் தொங்கியது. அவர் கத்தவில்லை. மேசைக் காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். முகத்தைப் பற்றி ஆஸ்பத்திரிக் குறிப்பில் இருக்கும். நான் பார்த்தது அவர் கையை. அச்சு மூடியபடி கையிலேயே இருந்தது. அதில் ஒரு கீறல்கூட இல்லை. எனக்கு அவ்வளவு நிம்மதி.

"டாரின், கண்ணு தெரியல. மூச்சு முட்டுது. வண்டிய எடு."

"எடுக்கறேன். அச்சக் குடுங்க."

"வண்டிய எடுடா."

"தர்றேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க ஆர்வில். சாவி கையிலதான் இருக்கு."

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன். "நீ அள்ளிப் போட்டது..." என்று தொடங்கினார், முடிக்கவில்லை. பிறகு, பேருந்தில் கடைசி வரிசையில் கலாட்டா செய்யும் பையன்களிடம் பேசுவாரே, அதே பொறுமையான குரலில், "அது விக்கிறதுக்கு இல்ல தம்பி," என்றார். "ஆர்லிஸ்கிட்ட கேட்டுக்கோ."

ஆர்லிஸிடம் எப்போது கேட்கவேண்டும் என்பதை ஏற்கனவே சொல்லியிருந்தார். இந்த முறை அந்தப் பாதியைச் சொல்லவில்லை. ஆனால் நிபந்தனை மாறிவிட்டதாகவும் சொல்லவில்லை. அதனால் நான் சட்டியின் மின்சாரத்தை அணைத்துவிட்டு, தீப்பிடித்துவிடக் கூடாதல்லவா, அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். நடுவில் இரண்டொரு முறை கேட்டுப் பார்த்தேன். மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினார். பிறகு ஆட்டவும் இல்லை. நீங்கள் கேட்ட இடைவெளி அதுதான்.

கையிலிருந்து பிடுங்கியிருக்கலாமே என்பீர்கள். நான் திருடன் இல்லை.

ஆஸ்பத்திரியில் அவருடைய விரல்களைப் பிரிக்க நர்ஸ் சிரமப்பட்டார். அச்சை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, என் கண் முன்னாலேயே ஆர்லிஸிடம் கொடுத்தார்கள். நான் அவசரப்படவில்லை. அடக்கம் முடிந்து, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எல்லோரும் ஹாம் சான்ட்விச் சாப்பிட்டு, காபிக்கு வரும்வரை பொறுத்திருந்து அதற்குப் பிறகுதான் கேட்டேன்.

ஆர்லிஸ் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீ இல்லேன்னா அவரு தன்னந்தனியா போயிருப்பாரு கண்ணா. கடைசிவரைக்கும் பக்கத்துலயே இருந்தியே."

"இருந்தேன்," என்றேன்.

"சட்டிய எடுத்துக்கோ. துப்பாக்கிய எடுத்துக்கோ. மத்த அச்செல்லாம் எடுத்துக்கோ, எனக்கெதுக்கு. இது ஒண்ணு மட்டும் வேணாம்ப்பா. அவரு கடைசியா புடிச்சிருந்தது. நான் இருக்கற வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும்."

இந்த அம்மாள் வாழ்நாளில் ஒரு குண்டு வார்த்ததில்லை. அச்சைக் கட்டிலுக்குப் பக்கத்தில், ஈரம் படிகிற ஜன்னல் ஓரத்தில், ஒரு சொட்டு எண்ணெய்கூடப் போடாமல் வைத்திருக்கிறார். முதல் முறை பார்த்தபோது மூலையில் துரு பூக்கத் தொடங்கியிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆர்வில் நினைப்பில் அழுகிறேன் என்று நினைத்து அவரும் அழுதார். இப்போது வாரா வாரம் நான்தான் போய் எண்ணெய் பூசிவிட்டு வருகிறேன். பூசி, துடைத்து, அதே இடத்தில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு வீடு திரும்புகிறேன். ஒரு மனிதனுக்கு இதைவிடப் பெரிய தண்டனையை உங்கள் கோர்ட் கொடுத்துவிடப் போகிறதா.

ஆர்லிஸுக்கு எழுபது தாண்டிவிட்டது. சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை. தபால் பெட்டிவரை இப்போது அவர் நடக்கிறார். தன் அம்மா தொண்ணூற்றெட்டு வயதுவரை இருந்ததாகப் போன வாரம் காபி ஊற்றிக்கொண்டே சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

எல்லாவற்றையும் எழுதிவிட்டீர்கள் என்றால் கையெழுத்து எங்கே என்று காட்டுங்கள், மேடம். இருட்டுவதற்குள் நான் அங்கே போகவேண்டும். பின்வாசல் படி முழுக்கப் பனி உறைந்து கிடக்கிறதாம். நான் வந்து பார்த்துக்கொள்கிறேன், வேறு யாரையும் கூப்பிட வேண்டாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.