அவனுக்குக் குழல், அவளுக்கு முரசு

டீக்கு நன்றி, இன்ஸ்பெக்டர் அம்மா. எனக்கும் தொண்டை காயும் என்று நினைத்துக் கொண்டுவந்தீர்களே, அந்த ஈரம் போதும். இப்படிச் சின்னச் சின்ன நல்லதுகளால்தான் ஆண்டவன் மனிதரை ஒருவரோடு ஒருவர் தைத்து வைத்திருக்கிறான் என்று நம்புகிறவன் நான்.

என் வேலையைக் கேட்டீர்கள். தொலைக்காட்சித் தொடர்களுக்குப் பின்னணி இசை சேர்க்கிறேன். யாருக்காக அழ வேண்டும், யாரைக் கண்டு பயப்பட வேண்டும் என்பதை ஜனங்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுப்பேன். உறவை முறித்துக்கொள்கிற சண்டை வாரம் தவறாமல் வரும். அவள் அவனுடைய சட்டைகளை மாடியிலிருந்து வீசினால் முரசு அதிரும். அவன் அவள் வீட்டுக் கதவை உதைத்தால் குழல் அழும்.

எடிட்டிங் செய்யும் பெண் ஒருமுறை கேட்டாள்: "அவ தட்டை உடைச்சா பிசாசு, இவன் கதவை உடைச்சா பாவமா சார்?"

"அவனுக்கு மனசே உடைஞ்சு போச்சேம்மா."

"அவளோடது மட்டும் என்ன சார், எவர்சில்வரா?"

இருவரும் நன்றாகச் சிரித்தோம். ஆனால் அந்தக் காட்சியிலிருந்து குழலை நான் நீக்கவில்லை.

என் மகள் கணவனை விட்டு வந்த அன்று, அவன் வாங்கித்தந்த பீங்கான் கோப்பைகளை எங்கள் வாசற்படியில் போட்டு உடைத்தாள். அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்தார்கள். "பொம்பளைக்கு இவ்வளவு கோபம் ஆகாதும்மா" என்றேன். அவள் கழுத்தைத் திருப்பி விரல் தடங்களைக் காட்டினாள். பார்த்தேன். ஆனால் கோப்பை உடைந்த சத்தம்தான் என் காதில் நின்றது.

பிறகு தன் அலுவலகத்துக்குப் பக்கத்தில் தனியாக ஓர் அறை எடுத்தாள். "இடம் உங்களுக்கு மட்டும்தாம்ப்பா தெரியும். யார் கேட்டாலும் சொல்லிடாதீங்க" என்றாள். சரி என்றேன்.

மாப்பிள்ளை ஒரு மழை நாளில் வந்தான். முன்பு எங்கள் கதவை உதைத்துப் பெயர்த்தவன்தான். அன்று தொப்பலாக நனைந்து, வாசலிலேயே உட்கார்ந்து அழுதான். துவட்டிக்கொள்ளத் துண்டு கொடுத்தேன்.

"ஒரே ஒரு தடவை பேசிட்டுப் போயிடறேன் மாமா."

"கோபப்பட மாட்டியே?"

"அவ மேல எனக்கென்ன மாமா கோபம்? அவ இல்லாம நான் இருக்க மாட்டேன். நான் இல்லாம அவளும் இருக்க மாட்டா."

நல்ல வசனம் என்று நினைத்தேன். முகவரியைச் சொன்னேன். எந்தச் சந்தில் திரும்ப வேண்டும் என்பதையும், கதவின் தாழ்ப்பாள் சரியாக விழாது என்பதையும் சொன்னேன். அதைச் சரிசெய்து தரும்படி அவள் என்னிடம்தான் கேட்டிருந்தாள். இன்னும் நனையப்போகிறானே என்று என் குடையையும் கொடுத்தேன்.

நீங்கள் காட்டிய கேமரா பதிவைப் பார்த்தேன். குடையை மடித்து ஓரமாகச் சாத்துகிறான். கதவைத் தள்ளுகிறான். சிறிது நேரம் கழித்து அவன் மட்டும் வெளியே வருகிறான். கைகளை மழையில் நீட்டிக் கழுவுகிறான். பதிவில் சத்தம் இல்லை. அவள் அப்பா என்று கூப்பிட்டாளா என்பது எனக்கு இனித் தெரியப்போவதில்லை.

கொன்றது அவன். தாழ்ப்பாள் வரை வழி சொல்லி அனுப்பியது நான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அந்தப் பதிவை மட்டும் இன்னொருமுறை போடுங்கள் அம்மா. கடைசியில் படியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொள்கிறானே, அந்த இடம். பாவம், அங்கே குழலைத் தவிர வேறு எதை வைக்க முடியும், நீங்களே சொல்லுங்கள்.